கபாலாவும் நவீன உளவியலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யூத மறைஞான மரபாகிய கபாலாவையும், ஃபிராய்டு, யுங் முதலியோரின் வழிவந்த உளவியலையும் சேர்த்துப் பேசும்போதெல்லாம் ஒரே ஐயங்கள் திரும்பத் திரும்ப எழுவதைக் கண்டிருக்கிறேன். உளவியல் மாணவர்கள் கேட்டவை, யுங்கைப் படித்துவிட்டு வந்த நண்பர்கள் கேட்டவை, மன உளைச்சலோடு தயங்கித் தயங்கிச் சிலர் கேட்டவை ஆகியவற்றை இங்கே கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்திருக்கிறேன். எளியவை முன்னும் சிக்கலானவை பின்னும் வருகின்றன. ஆதலால் பின்னால் உள்ள விடைகள் முன்னால் சொன்னவற்றை நினைவில் கொண்டே எழுதப்பட்டுள்ளன.

கபாலா என்றால் என்ன? நம்முடைய 'கபாலம்' என்ற சொல்லோடு இதற்குத் தொடர்பு உண்டா?

தொடர்பு இல்லை, ஒலி மட்டுமே ஒத்திருக்கிறது. 'பெற்றுக்கொள்ளுதல்' என்று பொருள்படும் எபிரேய வேரிலிருந்து வந்த சொல் இது. ஆசிரியரிடமிருந்து மாணவர் பெற்றுக்கொண்ட மரபு என்பது அதன் கருத்து. 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் தெற்குப் பிரான்சின் புரொவென்ஸ் பகுதியிலும் ஸ்பெயினிலும் வாழ்ந்த யூத அறிஞர்களிடையே கபாலா உருப்பெற்றது. இதன் தலையாய நூலான சோஹர், பெரும்பாலும் அரமேய மொழியில் அமைந்தது. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ரப்பி (யூத மத ஆசிரியர்) ஷிமோன் பார் யோஹாயின் போதனையாக அது தன்னைக் காட்டிக்கொள்கிறது. இன்றைய ஆய்வாளர்களோ அதை 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயினின் காஸ்டீல் பகுதியில் வாழ்ந்த மோசே தெ லியோனோடும் அவரைச் சுற்றியிருந்த வட்டத்தோடும் இணைக்கின்றனர்.

கபாலத்தைப் பற்றிக் கேட்டவர்களுக்கு ஒரு செய்தி: சோஹரின் ஆழ்ந்த பகுதிகளுள் ஒன்று, இறைவனின் மறைந்த திருவுருவத்தை விவரிக்கும்போது மண்டையோட்டிலிருந்தே தொடங்குகிறது, அதில் நிறையும் பனிநீர் உலகங்கள் மேல் சொட்டுகிறது என்கிறது. தற்செயலான ஒற்றுமைதான் என்றாலும், தமிழ் வாசகர் அந்த இடத்தில் ஒரு கணம் நின்றே கடப்பார்.

பத்து செஃபிரோத் என்கிறார்களே, அவை மனத்தின் பகுதிகளா, கடவுளின் பகுதிகளா?

மூல நூல்களின்படி அவை மனத்தின் பகுதிகள் அல்ல. கபாலாவில் இறைவனின் அறியமுடியாத நிலைக்கு 'ஐன் சோஃப்', அதாவது 'எல்லையற்றது' என்று பெயர். அந்த எல்லையற்றது உலகை நோக்கி வெளிப்படும் பத்து வழிகளே செஃபிரோத். கெத்தர் (மணிமுடி), ஹோக்மா (ஞானம்), பினா (பகுத்துணர்வு), ஹெசெத் (அருளன்பு), கெவூரா (கண்டிப்பு), திஃபெரெத் (எழில்), நெட்சா (நிலைபேறு), ஹோத் (மாட்சி), யெசோத் (அடித்தளம்), மல்கூத் (அரசாட்சி) என்பவை அவை. அருளுக்கும் கண்டிப்புக்கும் இடையே இறைவனுக்குள்ளேயே ஓர் இழுபறி நடக்கிறது என்றும், மனிதரின் செயல்கள் அந்தச் சமநிலையைப் பாதிக்கின்றன என்றும் கபாலர்கள் நம்பினர்.

ஆயினும் மனிதன் இறைச்சாயலில் படைக்கப்பட்டவன் என்பது யூத மறையின் முதல் அத்தியாயத்திலேயே உள்ள செய்தி. ஆகவே இறைவனுக்குள் இருக்கும் அமைப்பு மனிதனுக்குள்ளும் இருக்கவேண்டும் என்ற எண்ணத்துக்கு வாசல் தொடக்கத்திலிருந்தே திறந்திருந்தது. பாஸ்கா திருவிழாவின் இரண்டாம் நாளிலிருந்து ஷவூத் திருவிழா வரை 49 நாள்களை எண்ணும் வழக்கம் இதற்கு நல்ல சான்று. கீழ் ஏழு செஃபிரோத்தை ஒன்றோடொன்று பின்னினால் 49 சேர்க்கைகள் கிடைக்கும். நாளுக்கு ஒன்றாக அவற்றை எண்ணுகின்றனர். 'அன்புக்குள் கண்டிப்பு' என்று அமையும் நாளில், தான் பிறர்மேல் வைத்த அன்பு எல்லையறிந்து நின்றதா, அவர்களை மூச்சுமுட்டச் செய்ததா என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்வோர் இன்றும் உண்டு.

அப்படியானால் கடவுளைப் பற்றிய அந்த வரைபடம் எப்போது மனிதனைப் பற்றியதாக மாறியது?

என் பார்வையில் இந்தப் பக்கத்தில் உள்ள எல்லாக் கேள்விகளுக்கும் சாவி இதுதான். 18-ஆம் நூற்றாண்டில், இன்றைய உக்ரைனில் உள்ள மெஜிபிஷ் என்ற ஊரில் வாழ்ந்து 1760-இல் மறைந்த பால் ஷெம் தோவ், ஹசிதியம் என்ற பக்தி இயக்கத்துக்கு வித்திட்டார். அவருக்குப் பின் அதை வழிநடத்தி 1772-இல் மறைந்த மெஸெரிச் தோவ் பேர், 'மகித்' என்று அழைக்கப்பட்டவர். இவர்கள் கபாலாவின் சொற்களை மாற்றவில்லை. அச்சொற்கள் சுட்டும் இடத்தை மாற்றினர். வானத்து நிகழ்ச்சிகளாக இருந்தவை வழிபடுபவனின் நெஞ்சுக்குள் நடப்பனவாகப் பேசப்பட்டன. கபாலா வரலாற்றாய்வின் முன்னோடியான கெர்ஷோம் ஷோலெம், ஹசிதியத்தின் கையில் கபாலா தன்னையறிதலுக்கும் உளப்பகுப்பாய்வுக்கும் உரிய கருவியாக மாறியது என்று 1941-இலேயே எடுத்துக்காட்டினார்.

ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். வழிபாட்டின் நடுவே ஒருவருக்குக் காம நினைவு எழுகிறது. இதைத் தீமை என்று ஒதுக்குவது பழைய வழி. பால் ஷெம் தோவின் பள்ளியோ, அந்த நினைவு எங்கிருந்து வந்தது என்று கேட்கச் சொன்னது. உலகில் உள்ள எந்த அன்பும் ஹெசெத் என்ற அருளன்பிலிருந்து கீழே விழுந்த துணுக்கே. எந்த அச்சமும் கெவூராவிலிருந்து விழுந்ததே. ஆகவே நினைவின் வேரைக் கண்டறிந்து, அதை அதன் இடத்துக்கு உயர்த்த வேண்டும். ஆசையின் ஆற்றலை அழிக்காமல் மடைமாற்றுவது பற்றி ஃபிராய்டு பின்னர் எழுதியவற்றைப் படித்தவர் எவருக்கும் இங்கே ஒரு பரிச்சயம் தோன்றும். அந்தப் பரிச்சய உணர்வை மதிக்கிறேன். ஆனால் அதுவே சான்று ஆகிவிடாது.

'உடைந்த பாத்திரங்கள்' என்ற கதையைச் சிகிச்சையாளர்கள் அடிக்கடி சொல்கிறார்கள். அது என்ன?

1534-இல் எருசலேமில் பிறந்த ஐசக் லூரியா, தம் வாழ்வின் கடைசி இரண்டு ஆண்டுகளை கலிலேயாவின் சஃபேத் நகரில் கழித்து, 1572-இல் இறந்தார். அவர் எழுதியது மிகக் குறைவு. அவருடைய போதனைகளை மாணவர் ஹயிம் விட்டால் எழுதிவைத்தார். அந்தப் போதனையின்படி, எங்கும் நிறைந்திருந்த ஐன் சோஃப் உலகுக்கு இடம் தருவதற்காகத் தன்னைச் சுருக்கிக்கொண்டது. இதற்கு 'ட்சிம்ட்சூம்' என்று பெயர். பின்னர் அந்த வெற்றிடத்துள் பாய்ந்த ஒளியைத் தாங்கமாட்டாமல் பாத்திரங்கள் உடைந்தன. 288 ஒளிப்பொறிகள் சில்லுகளோடு கீழே விழுந்து உமிகளுக்குள் சிறைப்பட்டன. அவற்றை மீட்டு உயர்த்தும் பணி மனிதருடையது. அதுவே 'திக்கூன்', சீரமைப்பு.

பெருந்துயரால் உடைந்துபோனவரோடு பேசும் சிகிச்சையாளருக்கு இந்தக் கதை ஏன் பிடிக்கிறது என்பது எளிதில் விளங்கும். உடைவு அந்த மனிதரின் குற்றத்தால் நேர்ந்ததன்று, படைப்பின் தொடக்கத்திலேயே நேர்ந்தது என்று இது சொல்கிறது. சில்லுகளுக்குள்ளும் ஒளி இருக்கிறது என்கிறது. 1492-இல் ஸ்பெயினிலிருந்து யூதர்கள் வெளியேற்றப்பட்ட பெருந்துயரின் எதிரொலியே இது என்று ஷோலெம் கருதினார். மோஷே இதெல் முதலிய பிற்கால ஆய்வாளர்கள் இந்த விளக்கத்தை மறுத்து, இக்கருத்துகளின் வேர்கள் அதற்கும் பழையவை என்கின்றனர்.

ட்சிம்ட்சூம் தனியாகவும் உளவியலுக்குள் வந்திருக்கிறது. எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் மொர்தெக்காய் ரோட்டன்பெர்க், இதை மனித உறவுகளுக்கான மாதிரியாக விரித்தெழுதினார். பெற்றோரோ ஆசிரியரோ தம்மைச் சற்றே சுருக்கிக்கொண்டால்தான் எதிரில் இருப்பவர் வளர இடம் கிடைக்கும் என்பது அவர் வாதத்தின் சாரம்.

நெஃபெஷ், ரூவாஹ், நெஷாமா என்ற மூன்று ஆன்ம நிலைகளும் ஃபிராய்டின் இட், ஈகோ, சூப்பர் ஈகோவும் ஒன்றுதானே?

இரண்டிலும் மூன்று இருக்கின்றன என்பதைத் தவிர வேறு ஒற்றுமை இல்லை. நெஃபெஷ் உயிர்ப்பு, ரூவாஹ் உணர்வும் ஒழுக்கமும் சார்ந்த ஆவி, நெஷாமா இறையறிவை எட்டும் ஆன்மா. இவை ஏறிச்செல்லும் படிகள். மேலே இன்னும் இரண்டு நிலைகளையும் கபாலர்கள் சேர்த்தனர். 1923-இல் ஃபிராய்டு முன்வைத்த மூன்றும் ஏறுபடிகள் அல்ல, ஒன்றோடொன்று மோதும் தரப்புகள். ஃபிராய்டின் சூப்பர் ஈகோ பெரும்பாலும் பெற்றோரின் கண்டிப்பு உள்ளே குடியேறியது. அதை நெஷாமாவின் இடத்தில் வைத்தால் இரண்டு மரபுகளுக்கும் அநீதி செய்தவர்களாவோம்.

இட் என்ற கட்டற்ற ஆசைகளின் தரப்புக்கு நெருக்கமான ஒன்றைத் தேடுவோர், கபாலாவுக்கும் முந்தைய ரப்பிகளின் 'யெட்சர் ஹரா' என்ற தீய நாட்டத்தைப் பார்ப்பது நல்லது. அந்த நாட்டம் இல்லையென்றால் எந்த மனிதனும் வீடு கட்டமாட்டான், மணம்புரியமாட்டான், பிள்ளை பெறமாட்டான், வணிகம் செய்யமாட்டான் என்கிறது ஒரு பழைய மறைவிளக்கம். ரப்பிகளின் சட்ட விவாதங்களும் கதைகளும் அடங்கிய பழந்தொகுப்பான தல்மூதில் இன்னும் அழகான கதை உண்டு: தீய நாட்டத்தைப் பிடித்து மூன்று நாள் சிறையில் அடைத்தார்களாம், அந்த மூன்று நாளும் இஸ்ரேல் தேசம் முழுவதும் தேடியும் அன்றிட்ட முட்டை ஒன்றுகூடக் கிடைக்கவில்லையாம். ஆசையை அழித்தால் வாழ்வே நின்றுவிடும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியாது.

ஃபிராய்டு உளப்பகுப்பாய்வையே கபாலாவிலிருந்துதான் எடுத்தார், ஆனால் மறைத்துவிட்டார் என்று ஒரு காணொளியில் கேட்டேன். உண்மையா?

அந்தக் கருத்தின் மூலவடிவம் உளவியலாளர் டேவிட் பக்கான் 1958-இல் வெளியிட்ட நூலில் இருக்கிறது. ஃபிராய்டு யூத மறைஞான மரபை மதச்சார்பற்ற வடிவில் மறுபிறப்பெடுக்கச் செய்தார் என்று அவர் வாதிட்டார். நேரடிச் சான்று இல்லை என்பதே அவர் நூலுக்கு எதிராகச் சொல்லப்படும் முதல் குறை. அந்தக் குறை இன்னும் தீரவில்லை. காணொளிகள் செய்யும் தவறு, அவர் ஊகமாக முன்வைத்ததை நடந்த நிகழ்ச்சியாகச் சொல்வது.

உறுதியாகச் சொல்லக்கூடியவை சில உள்ளன. ஃபிராய்டின் தந்தை யாக்கோப், ஹசிதியம் செழித்திருந்த கலீசியாவின் திஸ்மெனித்ஸ் என்ற ஊரிலிருந்து வந்தவர். தாய் அமாலியா பிறந்தது அதே கலீசியாவின் பிரோடி நகரில். 1891-இல் மகனின் 35-ஆம் பிறந்தநாளுக்குக் குடும்பத்தின் மறைநூலுக்குப் புதிதாக அட்டை கட்டி, எபிரேயத்தில் வாழ்த்தெழுதிக் கொடுத்தார் தந்தை. மகனோ தம்முடைய நூலொன்றின் எபிரேய மொழிபெயர்ப்புக்கு 1930-இல் எழுதிய முன்னுரையில், மறைமொழி தமக்குத் தெரியாது என்றும், முன்னோரின் மதத்திலிருந்து தாம் முற்றிலும் விலகியவர் என்றும், ஆயினும் தம் யூத இயல்பை ஒருபோதும் மறுத்ததில்லை என்றும் குறிப்பிட்டார். 1909 ஏப்ரலில் யுங்குக்கு எழுதிய கடிதத்தில், தாம் 61, 62 வயதுக்குள் இறந்துவிடுவோம் என்ற எண்-நம்பிக்கை தம்மைப் பிடித்திருந்ததைச் சொல்லி, தம்முடைய மறைஞான நாட்டத்தின் யூதத்தன்மை இதில் தெரியும் என்றும் எழுதினார்.

இவற்றைக் கொண்டு நான் வருவது இவ்வளவுதான்: எழுத்துக்கு எழுத்து பொருள் தோண்டும் ஒரு பண்பாட்டின் காற்று அவர் வளர்ந்த வீட்டில் இருந்தது. கபாலா நூல்களை விரித்து வைத்துக்கொண்டு அவர் தம் கோட்பாட்டைக் கட்டினார் என்று சொல்ல ஆதாரம் இல்லை. மறைத்தார் என்று குற்றஞ்சாட்டுவது, எடுத்தார் என்பதை நிறுவிய பிறகே செய்யக்கூடியது.

கனவுகளுக்குப் பொருள் சொல்வது மட்டுமாவது யூத மரபிலிருந்து வந்ததுதானே?

கனவுக்குப் பொருள் சொல்லாத பழம்பண்பாடு ஏது? ஆனால் யூத மரபு அதைச் செய்த விதத்தில் ஒரு தனித்தன்மை உண்டு. பொருள் விளக்கப்படாத கனவு படிக்கப்படாத கடிதம் போன்றது என்று தல்மூதில் ரப் ஹிஸ்தா சொல்கிறார். அதே பகுதியில் ஒரு ரப்பி, எருசலேமில் இருந்த 24 கனவு விளக்குநர்களிடமும் தம் கனவைச் சொன்னதாகவும், 24 பேரும் 24 விதமாகப் பொருள் சொன்னதாகவும், அத்தனையும் பலித்ததாகவும் கூறுகிறார். கனவு விளக்குபவரின் வாயைப் பின்தொடர்கிறது என்பது அவர் எடுத்துக்காட்டும் சொல்வழக்கு.

ஃபிராய்டோ, பிறர் ஒதுக்கித்தள்ளிய சிதறல்களையும் தாம் மறைநூல் வாசகம்போல் கருதியதாகத் தம்முடைய கனவு நூலிலேயே எழுதினார். தொடர்பைத் தேடுவோருக்கு நான் காட்டுவது இந்த வாசிப்பு முறையைத்தான்: ஒரு சொல்லும் வீணன்று, மேற்பொருளுக்குக் கீழே மறைபொருள் உண்டு என்ற பிடிவாதம். இது தல்மூதுக்கும் கபாலாவுக்கும் பொதுவானது. கபாலாவுக்கு மட்டும் உரியதன்று.

அபுலாஃபியாவின் எழுத்துத் தியானம்தான் 'தடையற்ற தொடர்பு' முறையின் மூலம் என்கிறார்களே?

1240-இல் சரகோசாவில் பிறந்த ஆபிரகாம் அபுலாஃபியா, செஃபிரோத் கோட்பாட்டைவிட எபிரேய எழுத்துகளைப் பிரித்தும் கூட்டியும் செய்யும் தியானத்தையே பெரிதாகக் கருதியவர். மூச்சையும் தலையசைவையும் எழுத்தொலியோடு இணைத்தார். ஓர் எண்ணத்திலிருந்து மற்றோர் எண்ணத்துக்குத் தாவிச் செல்லும் பயிற்சியையும் கற்பித்தார். மனத்தின் முடிச்சுகளை அவிழ்ப்பதே நோக்கம் என்று அவர் சொன்னது, உளப்பகுப்பாய்வாளரின் சாய்விருக்கையை நினைவுபடுத்துவது இயல்பே.

ஆனால் ஷோலெமே இங்கு எச்சரித்திருக்கிறார்: அபுலாஃபியாவின் தாவல் நெகிழ்வானதாயினும் விதிகளுக்கு உட்பட்டது. உளப்பகுப்பாய்வின் 'தடையற்ற தொடர்பு' முறையிலோ நோயாளி வாய்க்கு வந்ததைச் சொல்கிறார். அதில் அவருடைய மறைந்த வரலாறு வெளிப்படுகிறது. அபுலாஃபியாவின் மாணவரோ தம் வரலாற்றைக் கடந்து தீர்க்கதரிசன நிலையை அடைய முயல்கிறார். முந்தைய விடையில் சொன்ன வாசிப்பு ஒற்றுமைக்கு மேல் இதில் எதையும் ஏற்றிச் சொல்லமாட்டேன்.

யுங் தமக்கு முன்பே ஒரு ரப்பி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்றாராமே?

ஆம். 1955-இல் தம் 80-ஆம் பிறந்தநாளையொட்டிய நேர்காணலில், மெஸெரிச்சின் மகித் தம்முடைய உளவியல் முழுவதையும் 18-ஆம் நூற்றாண்டிலேயே முன்னுணர்ந்துவிட்டார் என்று யுங் குறிப்பிட்டார். முன்னே சொன்ன தோவ் பேர்தான் அவர். மகித்தின் 'கத்முத் ஹசேகல்' என்ற கருத்தே இங்கு முக்கியம். 'அறிவுக்கு முந்தியது' என்று அதைச் சொல்லலாம். எந்த எண்ணமும் தெளிவாவதற்கு முன் அறியமுடியாத ஓரிடத்திலிருந்து எழுகிறது என்றார் மகித். முட்டை குஞ்சாக மாறும்போது, அது முட்டையும் அல்லாத குஞ்சும் அல்லாத ஒரு கணம் இருக்கவேண்டும். அந்தக் கணமே 'ஒன்றுமின்மை', அதைக் கடக்காமல் எதுவும் வேறொன்றாக மாறாது என்பது அவருடைய உவமை.

யுங்கின் நனவிலியும், அதாவது நனவுக்கு எட்டாத மனப்பகுதியும், இதுவும் நெருங்கியவையே. இருந்தும் திசை வேறு என்பதைக் கவனிக்க வேண்டும். ஃபிராய்டின் நனவிலி, அமுக்கப்பட்டவை கிடக்கும் நிலவறை. மகித்தின் 'அறிவுக்கு முந்தியது' தலைக்கு மேலே உள்ள ஊற்று. அதில் ஒருபோதும் எதுவும் அமுக்கப்பட்டதில்லை. யுங் இவ்விரண்டுக்கும் நடுவே நின்றவர் என்பதால்தான் அவருக்கு மகித்தின்மேல் அத்தனை ஈர்ப்பு என்று கருதுகிறேன்.

1944-இல் காலெலும்பு முறிந்து, அதைத் தொடர்ந்து மாரடைப்பும் கண்டு சாவின் விளிம்பில் கிடந்தபோது யுங் கண்ட காட்சிகளையும் இங்கே சொல்லவேண்டும். தாம் மாதுளைத் தோட்டத்தில் இருப்பதாகவும், அங்கே திஃபெரெத்துக்கும் மல்கூத்துக்கும் திருமணம் நடப்பதாகவும், தாமே ரப்பி ஷிமோன் பார் யோஹாயாக இருப்பதாகவும் அவர் கண்டார். உணவு கொண்டுவந்த செவிலி யூத முதியவளாகத் தோன்றினாராம். 'மாதுளைத் தோட்டம்' என்பது சஃபேத்தின் மோசே கொர்தொவேரோ 16-ஆம் நூற்றாண்டில் இயற்றிய கபாலா நூலின் பெயருங்கூட. யுங் கபாலாவை அறிந்த வழிகளுள் ஒன்று, கிறித்தவ அறிஞர் க்னோர் ஃபான் ரோசன்ரோத் 1677 முதல் வெளியிட்ட லத்தீன் மொழிபெயர்ப்புத் தொகுதி.

யுங் நாத்சிகளோடு ஒத்துப்போனவர் என்கிறார்கள். அவர் கபாலாவைப் புகழ்வதை எப்படி ஏற்பது?

இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக்கூடாது. 1933-இல் ஜெர்மனியைத் தளமாகக் கொண்ட உளச்சிகிச்சைச் சங்கத்தின் தலைமையை யுங் ஏற்றார். 1934-இல் ஆரிய நனவிலி யூத நனவிலியைவிட உயர்ந்த ஆற்றல் உடையது என்ற பொருள்பட எழுதினார். அவருடைய யூத மாணவரான எரிக் நாய்மன் அவருக்கு நேரடியாகவே கடிதத்தில் மறுப்பெழுதினார். பின்னர் டெல் அவீவில் குடியேறி, யூத உள்ளத்தின் வேர்களைப் பற்றி, ஹசிதியத்துக்கே ஒரு பாகம் ஒதுக்கி, பெருநூல் ஒன்றை எழுதினார். அது அவர் வாழ்நாளில் வெளிவரவில்லை.

போருக்குப் பின் ரப்பி லியோ பெக் யுங்கைச் சந்தித்துக் கேள்வி கேட்டார் என்றும், தாம் சறுக்கிவிட்டதாக யுங் ஒப்புக்கொண்டார் என்றும் ஷோலெம் ஒரு கடிதத்தில் பதிவு செய்திருக்கிறார். பெக்கின் சொல்லை நம்பியே ஷோலெம் சுவிட்சர்லாந்தின் அஸ்கோனாவில் நடந்த எரானோஸ் என்ற அறிஞர் கூட்டங்களுக்கு 1949 முதல் சென்றார். யுங்கின் 1934-ஆம் ஆண்டுச் சொற்களை அவருடைய பிற்காலப் புகழ்ச்சி அழித்துவிடவில்லை. இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பதே நேர்மை.

நவீன அறிவாற்றல்-நடத்தைச் சிகிச்சைக்கும் ஹசிதியத்துக்கும் தொடர்பு உண்டா? 'தன்யா' நூலைப் பற்றிக் கேள்விப்பட்டேன்.

வரலாற்றுத் தொடர்பு இல்லை. அச்சிகிச்சையை வகுத்த ஆரன் பெக் தமக்கு முன்னோடிகளாகக் காட்டியது ஸ்தோயிக்குகள் எனப்படும் கிரேக்க-ரோமானியத் தத்துவவாதிகளை. ஆனால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு இதைவிட வளமான இடம் வேறில்லை. மகித்தின் மாணவரும் ஹபாத் கிளையை நிறுவியவருமான லியாதியின் ஷ்னேயூர் சல்மான் 1796-இல் வெளியிட்ட தன்யா, சாதாரண மனிதருக்கான நூல். ஒவ்வொருவருக்குள்ளும் விலங்கு ஆன்மா, தெய்வ ஆன்மா என இரண்டு உண்டு. ஒரு சிறு நகருக்காகப் போரிடும் இரு மன்னர்களைப்போல அவை உடலை ஆள மோதுகின்றன என்கிறது அது. அது காட்டும் இலக்கு மகான் அல்ல, 'பெனோனி' என்ற இடைப்பட்டவர். அவருக்குள் ஆசைகள் ஓய்வதேயில்லை. ஆனால் எண்ணம், சொல், செயல் என்ற மூன்று ஆடைகளையும் அவற்றுக்கு அணியக் கொடுப்பதில்லை. உணர்ச்சி எழுவது உன் கையில் இல்லை, அதற்கு நீ ஆற்றும் எதிர்வினை உன் கையில் இருக்கிறது என்று கேட்டுத் தெளிந்த இன்றைய நோயாளிக்கு இது அந்நியமாக இராது.

இன்னும் நுட்பமான ஓரிடம் உண்டு. வழிபாட்டில் வேண்டாத எண்ணம் வந்தால் அதன் வேரைக் கண்டு உயர்த்து என்ற பால் ஷெம் தோவின் வழியை மேலே சொன்னேன். ஷ்னேயூர் சல்மான் தன்யாவின் 28-ஆம் அத்தியாயத்தில், அது மகான்களுக்கு உரியது, நீ அந்த மூடத்தனத்தில் இறங்காதே என்கிறார். நீ வழிபடும்போது ஒருவன் எதிரே நின்று குழப்பப் பேசினால் என்ன செய்வாய்? பதில் சொல்லாமல், காது கேளாதவனைப்போல உன் வேலையைத் தொடர்வாய். அதையே செய் என்கிறார். வெள்ளைக் கரடியை நினைக்காதே என்றால் அதுவே மீண்டும் மீண்டும் வரும் என்பதை டேனியல் வெக்னர் 1987-இல் சோதனையால் காட்டினார். எண்ணத்தோடு மல்லுக்கு நிற்காமல் அதைத் தன்போக்கில் விட்டுவிட்டுச் செயலில் தொடரச் சொல்லும் இன்றைய சிகிச்சை முறைகள் இந்த உவமைக்கு மிக அருகில் வருகின்றன. ஆனால் அதே தன்யாவின் 12-ஆம் அத்தியாயம், தீய எண்ணத்தை இரு கைகளாலும் தள்ளு என்கிறது. ஒப்பிடுவோர் தமக்கு வசதியான அத்தியாயத்தை மட்டும் மேற்கோள் காட்டுவது வழக்கமாகிவிட்டது.

வான்கோழி இளவரசன் கதை உளச்சிகிச்சைக் கதையா?

1772 முதல் 1810 வரை வாழ்ந்த பிரெஸ்லோவ் நாக்மனின் பெயரில் வழங்கும் கதை இது. அவருடைய 13 கதைகள் அடங்கிய தொகுப்பில் இது இல்லை; சீடர் மரபில் வந்தது. ஓர் அரசகுமாரன் தன்னை வான்கோழி என்று நம்பி, ஆடையின்றி மேசைக்கு அடியில் அமர்ந்து சிந்திய பருக்கைகளையும் எலும்புகளையும் பொறுக்குகிறான். மருத்துவர்கள் கைவிட்டுவிடுகிறார்கள். அறிஞர் ஒருவர் வந்து, தாமும் ஆடையைக் களைந்துவிட்டு மேசைக்கடியில் அவனருகே உட்கார்ந்து பருக்கை பொறுக்குகிறார். 'நீ யார்?' என்கிறான் அவன். 'நானும் வான்கோழிதான்' என்கிறார் அவர். சில காலம் கழித்து ஒரு சட்டையை வரவழைத்து, 'சட்டை போட்டுக்கொண்டாலும் வான்கோழியாகவே இருக்கலாம்' என்கிறார். பிறகு காற்சட்டை, பிறகு நல்ல உணவு, கடைசியில் மேசைமுன் அமர்தல் என்று அவனை மீட்கிறார்.

நோயாளியின் உலகுக்குள் முதலில் நுழையவேண்டும் என்ற பாடத்தைக் கற்பிக்கச் சிகிச்சையாளர்கள் இக்கதையைச் சொல்கிறார்கள். குடும்பச் சிகிச்சையில் சால்வதோர் மினுசின் 'சேர்ந்துகொள்ளுதல்' என்று அழைத்ததை இதில் காண்கிறார்கள். தவறில்லை. என்னை இதில் தொடுவது வேறொன்று: அந்த அறிஞர் ஒருமுறைகூட 'நீ வான்கோழி அல்ல' என்று வாதிடவில்லை. ஆயினும் பிரெஸ்லோவ் சீடர்களின் வாசிப்பில் அந்த இளவரசன் ஏதோவொரு நோயாளி அல்லன். தான் அரசன் மகன் என்பதை மறந்து மேசைக்கடியில் கிடக்கும் மனிதர் யாவரும் அவனே.

எனக்கு மனச்சோர்வு இருக்கிறது. கபாலா தியானம் செய்தால் மாத்திரையை விட்டுவிடலாமா?

தயவுசெய்து விடாதீர்கள். மாத்திரையைக் குறைப்பதும் நிறுத்துவதும் அதை எழுதிக்கொடுத்த மருத்துவரோடு பேசி முடிவெடுக்க வேண்டியவை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் உடனே நெருங்கியவர் ஒருவரிடம் சொல்லுங்கள், மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கபாலா மரபே தன் பயிற்சிகளைப் பற்றி எச்சரிக்கையாக இருந்திருக்கிறது. மறைஞானத் தோட்டத்துக்குள் நுழைந்த நால்வரில் ஒருவர் இறந்தார், ஒருவர் சித்தம் கலங்கினார், ஒருவர் நம்பிக்கையைத் துறந்தார், ரப்பி அகிவா ஒருவரே நலமாக வெளியே வந்தார் என்கிறது தல்மூத். அபுலாஃபியாவின் பயிற்சிகளைச் சோர்ந்த மனத்தோடு தனியாக முயலவேண்டாம் என்று சொல்வேன்.

சோர்ந்திருப்பவருக்கு இம்மரபில் துணையாகக்கூடியவை எளியவை. தானே கடுந்துயரங்களை அறிந்த நாக்மன், நாள்தோறும் ஒரு மணி நேரம் தனியிடத்தில், தாய்மொழியிலேயே, நண்பனிடம் பேசுவதுபோல இறைவனிடம் எல்லாவற்றையும் சொல்லச் சொன்னார். உடைந்த நெஞ்சும் சோர்வும் ஒன்றல்ல என்பதும் அவருடைய கருத்து: உடைந்த நெஞ்சு தந்தைமுன் அழும் பிள்ளையைப் போன்றது, சோர்வோ முகத்தைத் திருப்பிக்கொள்வது. 1943-இல் நாத்சிகளால் கொல்லப்பட்ட பியாசெச்னோ ரப்பி கலோனிமுஸ் கல்மான் ஷபீரா, போருக்கு முந்தைய ஆண்டுகளில் கற்பித்த 'ஹஷ்காத்தா' என்ற அமைதிப்படுத்தல், தன் எண்ணங்களின் ஓட்டத்தைச் சிறிது நேரம் வெறுமனே கவனித்திருப்பது; ஓட்டம் தணிந்தபின் மறைவாக்கியம் ஒன்றை மெல்ல ஓதுவது. இவையும் சிகிச்சைக்குப் பக்கத்தில் இருக்கவேண்டியவை, அதன் இடத்தில் அல்ல.

நாற்பது வயதாகாதவர்கள், யூதரல்லாதவர்கள் இதைப் படிக்கக்கூடாதா?

வயது வரம்பு எல்லாக் காலத்துக்கும் உரிய சட்டம் அன்று. போலி மெசியா இயக்கங்களின் கொந்தளிப்புக்குப் பின், 1756-இல் பிரோடி நகரில் கூடிய ரப்பிகள், சோஹரை 30 வயதுக்கும் லூரியாவின் நூல்களை 40 வயதுக்கும் முன் படிக்கக்கூடாது என்று விதித்தனர். ஃபிராய்டின் தாய் பிறந்த அதே பிரோடிதான். லூரியாவே 38 வயதில் இறந்துவிட்டார் என்பதையும் நினைவில் கொள்ளலாம். இன்று பல்கலைக்கழகங்களில் எல்லாரும் படிக்கிறார்கள். சிவப்புக் கயிறும் மந்திரித்த நீரும் விற்பவர்களிடம் மட்டும் விலகியிருங்கள்.

கடைசியில், இரண்டும் ஒரே உண்மையைத்தான் வெவ்வேறு மொழியில் சொல்கின்றன என்று எடுத்துக்கொள்ளலாமா?

அப்படி எடுத்துக்கொள்வது எளிது. அதனாலேயே நான் தயங்குகிறேன். படைப்பில் நேர்ந்த உடைவைச் சரிசெய்ய இறைவனுக்கு மனிதனின் துணை வேண்டும் என்ற லூரியாவின் கருத்தை 1954-இல் ஒரு கடிதத்தில் யுங் வியந்து போற்றினார். இறையுருவமும் மனித உள்ளமும் ஒன்றையொன்று முழுமையாக்குகின்றன என்ற தம் எண்ணத்துக்கு அது வலுச்சேர்ப்பதாக அவர் கண்டார். ஷோலெமோ எரானோஸுக்குப் பல ஆண்டுகள் சென்றும், யுங்கின் கருத்துருக்களைத் தம் ஆய்வில் ஏற்க மறுத்துவிட்டார். கபாலர்கள் தங்கள் உள்ளத்தின் படிமங்களைப் பற்றிப் பேசவில்லை, கடவுளைப் பற்றிப் பேசினார்கள்; வரலாற்றாசிரியன் அதை அப்படியே எடுத்துரைக்க வேண்டும் என்ற நிலையில் அவர் உறுதியாக நின்றார். நான் ஷோலெமின் பக்கம் சாய்கிறேன்.

காரணத்தை ஓர் ஆப்பிளைக் கொண்டு சொல்கிறேன். லூரியாவின் வழிவந்த ஹசித் ஒருவர், உரிய வாழ்த்துரையைச் சொல்லி ஆப்பிளை உண்ணும்போது, அதற்குள் சிறைப்பட்ட ஒளிப்பொறி ஒன்று விடுபட்டுத் தன் மூலத்துக்குத் திரும்புகிறது என்று நம்புகிறார். திக்கூன் நிகழ்ந்தது அந்தப் பொறிக்கு; அதன் வழியாக இறைவனுக்கு. உண்டவருக்கு மனம் லேசாயிற்றா என்பது அங்கே முதற்கேள்வி அன்று. சிகிச்சையாளரின் அறையில் அதுதான் முதற்கேள்வி.